நாலு கோடி பெரிய காசு இல்லை



போன சனிக்கிழமை (15.11.2025) சி.எஸ்.கே. யாரை வைத்துக்கொண்டது, யாரை விட்டது என்ற பட்டியல் வந்ததும் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி போட்டேன். "தோனியை இந்த வருஷமாவது மரியாதையாக அனுப்பி வைத்திருக்கலாம்." அவ்வளவுதான். பட்டாபிராமில் இருக்கும் என் தங்கை மகன் குழுவை விட்டே வெளியேறிவிட்டான். பூந்தமல்லி சம்பந்தி அழுகிற பொம்மை இரண்டு போட்டார். என்னிடம் பிளஸ் டூ படித்த ஒருவன், இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் நல்ல வேலையில் இருப்பவன், போன் செய்து, "டீச்சர், உங்க அக்கவுண்ட்டை யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டான். இல்லையப்பா, நான்தான் எழுதினேன். ஒரு வரியில் சொன்னதால்தான் இத்தனை சண்டை. கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன். பொறுமையாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

"கணக்கு டீச்சருக்கு கிரிக்கெட்டில் என்ன வேலை?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட் 'டை' ஆனபோது ஸ்டாஃப் ரூமில் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். கடைசி பீரியட் டெஸ்ட் வைத்துவிட்டுத்தான் கேட்டேன், அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். தோனியை எனக்குப் பிடிக்காது என்றும் யாரும் சொல்ல வேண்டாம். 2008 முதல் ஏலத்தில் 15 லட்சம் டாலர், அன்றைய கணக்கில் சுமார் 6 கோடி ரூபாய் கொடுத்து ராஞ்சிக்காரரை சென்னை வாங்கியது. அந்த ஏலத்தில் அதுதான் அதிகபட்ச விலை. கொடுத்த காசுக்கு மேலேயே நமக்குச் செய்துவிட்டார். 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து கோப்பை. இந்த வருஷம் மார்ச்சில் நூர் அகமது பந்தில் சூர்யகுமாரை ஸ்டம்பிங் செய்தாரே, அதை ரீப்ளேயில் நாலு தடவை போட்டும் என் கண்ணுக்குக் கை தெரியவில்லை. 43 வயதில் அது. கையில் வேகம் போகவில்லை. நான் பேசுவது காலைப் பற்றி, முட்டியைப் பற்றி, அதைவிட முக்கியமாக அவர் நிற்கிற இடத்தைப் பற்றி.

எல்லோரும் சொல்கிற முதல் பதில், "நாலு கோடிதானே டீச்சர் வாங்குகிறார், அதில் என்ன நஷ்டம்?" என்பது. உண்மை. 2018-ல் 15 கோடி, 2022-ல் 12 கோடி, இப்போது 4 கோடி. ஐந்து வருஷமாகச் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரரை, நாட்டுக்கு ஆடாதவர் கணக்கில் சேர்த்துக் குறைந்த விலையில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பழைய விதியைத் தூசி தட்டி 2025 சீசனுக்குக் கொண்டுவந்தார்கள். 2007, 2011, 2013 மூன்று உலக அளவிலான கோப்பைகளையும் வாங்கித் தந்த கேப்டன், விதிப்படி இந்தியாவுக்கு ஆடாத பையன்களோடு ஒரே வரிசை. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆனால் நாலு கோடி பெரிய காசு இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். என் வழக்கே காசைப் பற்றியது இல்லை.

அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் பேரன் பேஸ்பால் பைத்தியம். அவன் சொன்ன கதை ஒன்று. ஆல்பர்ட் புஹோல்ஸ் என்று ஒரு பெரிய ஆட்டக்காரர். 32 வயதை எட்டும்போது, 2011 டிசம்பரில், ஏஞ்சல்ஸ் என்ற அணி அவரோடு பத்து வருஷத்துக்கு 24 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. அதற்கு முன் பதினோரு வருஷம் வேறு ஊருக்கு ஆடி மலைபோல் சாதித்தவர். ஒப்பந்தம் போட்ட பிறகு கால் போயிற்று, அடி குறைந்தது. காசு கொடுத்தே ஆக வேண்டும் என்பதால் அணி அவரை வைத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் 2021 மே மாதம், ஒப்பந்தம் முடிய சில மாதங்களே இருக்கும்போது விட்டுவிட்டது. அங்கே நடப்பது இதுதான்: ஒருவர் நேற்று செய்ததற்கு நாளைய சம்பளத்தை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், அப்புறம் காகிதம் அவர்களைக் கட்டிப்போடுகிறது.

நமக்குக் காகிதம்கூடக் கிடையாது பிள்ளைகளே. ஒவ்வொரு வருஷமும் சி.எஸ்.கே. அவரை விடலாம், அவரும் போகலாம். எந்த கோர்ட்டும் கேட்காது. இருந்தும் அந்த அமெரிக்க ஒப்பந்தத்தைவிட நீளமான ஒப்பந்தம் இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டது யார்? நீங்களும் நானும். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு விசில் ஊதினோமே, அதுதான் கையெழுத்து.

இப்போது கொஞ்சம் கணக்கு. ஓடிவிடாதீர்கள், எளிமையான வகுத்தல்தான்.

2023 சீசன் முழுவதும் தோனி சந்தித்த பந்து 57, எடுத்த ரன் 104. நூறு பந்துக்கு 182. 2024-ல் 73 பந்து, 161 ரன். நூறு பந்துக்கு 220. வான்கடேயில் ஹர்திக் பாண்டியாவை வரிசையாக மூன்று சிக்ஸர் அடித்தாரே, அந்த சீசன். "பாருங்கள் டீச்சர், வயசு ஏற ஏற நன்றாக ஆடுகிறார்" என்று அப்போது எனக்கு ஒருவன் மெசேஜ் போட்டான். டேய், 73 பந்து என்றால் 14 மேட்சுக்கு மேட்சுக்கு 5 பந்து. ஐந்தே பந்து ஆடுகிறவர் எல்லாவற்றையும் தூக்கி அடிக்கலாம், அவுட் ஆனாலும் கேட்பாரில்லை. அந்த ஐந்து பந்துக்காக ஒரு முழு பேட்ஸ்மேன் இடம் போகிறது. 2025-ல் மற்றவர்கள் சொதப்பியதால் கொஞ்சம் கூடுதலாக ஆட வேண்டி வந்தது. 145 பந்து, 196 ரன். நூறு பந்துக்கு 135. பந்து இரண்டு மடங்கானதும் வேகம் 220-லிருந்து 135-க்கு இறங்கிவிட்டது. 2020-ல் 116, 2021-ல் 106 என்று இருந்தது. 2021-ல் கோப்பை வந்ததால் அந்த 106 யார் கண்ணிலும் படவில்லை. ஜெயித்த வீட்டில் கணக்கு நோட்டை யார் திறப்பார்கள்?

கோச் பிளெமிங்கே இந்த வருஷம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார், தோனியின் முட்டி முன்போல இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் ஓடி ஆட முடியாது என்று. 2023-ல் முட்டி ஆபரேஷன் நடந்தது ஊருக்கே தெரியும். பத்து ஓவர் ஆட முடியாதவரை எந்த இடத்தில் இறக்குவது? அதற்கேற்றபடி மொத்த வரிசையும் தலைகீழாக நிற்கிறது.

மார்ச் 28 நினைவிருக்கிறதா? சேப்பாக்கத்தில் பெங்களூருக்கு எதிராக 197 ரன் இலக்கு. 2008-க்குப் பிறகு பெங்களூர் நம் மண்ணில் ஜெயித்ததே இல்லை. விக்கெட் மளமளவென்று விழுகிறது, தோனி வரவில்லை. அஸ்வின் முன்னால் வருகிறார். ஒன்பதாவது ஆளாகத் தோனி வந்தபோது ஆட்டம் கைவிட்டுப் போயிருந்தது. 16 பந்தில் 30 அடித்தார். 50 ரன்னில் தோற்றோம். அன்றைக்கு என் பழைய மாணவர்கள் ஆறு பேர் அம்பத்தூரிலிருந்து லோக்கல் ரயிலில் போய், பார்க் டவுனில் பறக்கும் ரயில் மாறி, மேட்ச் பார்த்துவிட்டு நடு ராத்திரி திரும்பினார்கள். மறுநாள் ஒருவன் ஸ்டேட்டஸ் போட்டான்: "பைசா வசூல்." தோற்ற மேட்சில் என்னடா பைசா வசூல்?

ஏப்ரல் 5 இன்னும் மோசம். டெல்லிக்கு எதிராக 184 இலக்கு. பதினோராவது ஓவரில் தோனி வந்தார், விஜய் சங்கர் மறுமுனையில். கடைசி வரை இருவரும் அவுட்டே ஆகவில்லை. தோனி 26 பந்தில் 30. நாம் 25 ரன்னில் தோற்றோம், கையில் ஐந்து விக்கெட் மிச்சம். பரீட்சையில் நேரமும் பேப்பரும் மிச்சம் வைத்துவிட்டு ஃபெயில் ஆனால் நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும். விஜய் சங்கரும் சேர்ந்துதான் மெதுவாக ஆடினார், பழியை ஒருவர் மேல் போட மாட்டேன். ஆனால் விஜய் சங்கரை மறுநாள் ஊரே கிழித்தது. தோனியைப் பற்றிப் பேசியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

ஏப்ரல் 14 லக்னோவில் 11 பந்தில் 26 அடித்து ஆட்ட நாயகன் ஆனார், அதையும் மறைக்கவில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஒரு மாதம் ஓட்டினீர்கள். சீசன் முடிவில் 14-ல் 4 வெற்றி. சி.எஸ்.கே. வரலாற்றில் முதல் தடவையாகக் கடைசி இடம்.

இன்னொன்று கவனித்தீர்களா? எல்லாம் கையை விட்டுப் போன பிறகுதான் சின்னப் பையன்களுக்குக் கதவு திறந்தது. 17 வயது ஆயுஷ் மாத்ரே பெங்களூரில் 94 அடித்தான். உர்வில் படேல் முதல் ஆட்டத்திலேயே 11 பந்தில் 31. பிரெவிஸ் வந்து வெளுத்தான். கடைசி மேட்ச் அகமதாபாத்தில், 230 ரன் குவித்து குஜராத்தை 83 ரன்னில் தோற்கடித்தோம். சீசனின் பெரிய வெற்றி அதுதான். அன்றைக்குத் தோனிக்கு பேட்டிங்கே வரவில்லை.

இப்போது ஜடேஜாவுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும், ஒரு சிக்ஸர் ஒரு ஃபோர் அடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்தவர். அதே ஆட்டத்தில் தோனி முதல் பந்திலேயே அவுட். அந்த மனுஷன் சேப்பாக்கத்தில் அவுட் ஆகும்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? கைதட்டினீர்கள். ஏனென்றால் அடுத்து 'தல' வருவார். சொந்த ஊர் மைதானத்தில் சொந்த அணி விக்கெட் விழுந்தால் ஆரவாரம் செய்கிற கூட்டத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ஜடேஜா இதைச் சிரித்துக்கொண்டே ஒரு பேட்டியில் சொன்னார், நான் மேலே இறங்கினால் எப்போது அவுட் ஆவேன் என்று காத்திருப்பார்கள் என்று. சிரித்துக்கொண்டு சொன்னால் வலிக்கவில்லை என்று அர்த்தமா? 2022-ல் அவரைக் கேப்டன் ஆக்கி, எட்டே மேட்சில் பதவி மறுபடி தோனியிடம் வந்தது. 2024-ல் ருதுராஜ் கேப்டன் ஆனார். இந்த வருஷம் அவருக்கு முழங்கையில் அடிபட்டதும் மறுபடியும் தோனி. ஒரு வீட்டில் சாவியை மருமகளிடம் கொடுத்துவிட்டு, பீரோவைத் திறக்கும்போதெல்லாம் மாமியார் பக்கத்தில் வந்து நின்றால் எப்படி இருக்கும்? அம்பத்தூரில் எத்தனை வீடு எனக்குத் தெரியும்.

போன சனிக்கிழமைப் பட்டியலில் ஜடேஜா இல்லை. ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியிருக்கிறார்கள். 36 வயதுக்காரர் போனார், 44 வயதுக்காரர் இருக்கிறார்.

"அது சென்டிமென்ட் டீச்சர்" என்கிறீர்கள். சரி, சென்டிமென்ட் என்றால் எல்லோருக்கும்தானே? 'சின்ன தல' என்று தூக்கி வைத்த சுரேஷ் ரெய்னாவை 2022 ஏலத்தில் கேட்க ஆளில்லை. சி.எஸ்.கே. உட்பட யாரும் கை தூக்கவில்லை. அப்போது அவருக்கு 35 வயது. ஃபார்ம் இல்லை, அணிக்குப் பொருந்தவில்லை என்று நிர்வாகம் காரணம் சொன்னது. காரணம் நியாயம்தான். ஆக, வயதானவரை அனுப்பத் தெரியாத நிர்வாகம் இல்லை இது. எந்தச் சென்டிமென்ட் டிக்கெட் விற்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொள்ளத் தெரிந்த நிர்வாகம். நம் பாசம் அவர்களுக்குச் சரக்கு. வியாபாரம் செய்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. வாங்குகிற நம்மைத்தான் சொல்கிறேன்.

இந்த இடத்துக்கு விலை கொடுத்த ஒருவரைச் சொல்கிறேன். கோயம்புத்தூர்ப் பையன் நாராயண் ஜெகதீசன். கீப்பர், பேட்ஸ்மேன். 2018-லிருந்து 2022 வரை ஐந்து சீசன் சி.எஸ்.கே.யில் இருந்தார். ஆடக் கிடைத்தது மொத்தம் ஏழு மேட்ச். பேட்ஸ்மேன் என்றால் ஆறு இடம் இருக்கிறது, ஒன்றில் நுழையலாம். கீப்பருக்கு அணியில் ஒரே இடம்தான். 2022 நவம்பரில் சி.எஸ்.கே. அவரை விட்டுவிட்டது. அதே மாதம் விஜய் ஹசாரே கோப்பையில் தமிழ்நாட்டுக்காக வரிசையாக ஐந்து சதம் அடித்தார். ஐந்தாவதில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 277. எதிரணி சாதாரணம்தான், சரி. ஆனாலும் உலகத்தில் யாரும் அதுவரை ஐம்பது ஓவர் ஆட்டத்தில் அத்தனை ரன் எடுத்ததில்லை. இந்த வருஷம் இங்கிலாந்து தொடரில் இந்திய டெஸ்ட் அணிக்குள்ளேயே அழைத்துவிட்டார்கள். 22 வயதிலிருந்து 26 வயது வரை பெஞ்சில் உட்கார்ந்த அந்தப் பையனின் வருஷங்களை எந்த நாலு கோடியில் சேர்ப்பது?

"தோனி பக்கத்தில் இருந்தால் கற்றுக்கொள்வார்களே" என்பீர்கள். கற்றுக்கொடுக்க மைதானத்தில் பதினோரு பேரில் ஒருவராக நிற்க வேண்டுமா? 2021 டி20 உலகக் கோப்பைக்கு இந்திய அணியின் ஆலோசகராக, பேட் பிடிக்காமல்தானே போனார்?

இதையெல்லாம் வெளியிலிருந்து பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உங்களில் சிலர் அந்த வகுப்பிலேயே இருந்திருப்பீர்கள்.

2014-ல் எனக்கு 58 முடிந்தது. அப்போது ஓய்வு வயது அதுதான், 59, 60 எல்லாம் பின்னால் வந்தது. நடு வருஷத்தில் முடிந்ததால் வழக்கம்போல மே மாதம் வரை மறு நியமனம். அதற்குப் பிறகும் நிர்வாகம் கேட்டது, பெற்றோர்கள் கேட்டார்கள், பிளஸ் டூ கணக்குக்கு நீங்கள்தான் வேண்டும் என்று. தொகுப்பூதியம்தான், பெரிய காசு இல்லை. அதனால்தான் நிர்வாகத்துக்கும் சந்தோஷம். எனக்கு? சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அதைவிட சந்தோஷம். வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிற வயதில் 'டீச்சர் இல்லாவிட்டால் ரிசல்ட் வராது' என்று ஊர் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்? மூன்று வருஷம் இருந்தேன். ஆவடியிலிருந்து ரயிலில் வரும் ஓர் இளம் ஆசிரியை இருந்தாள். எம்.எஸ்ஸி., பி.எட்., கெட்டிக்காரி. அவளுக்கு எட்டாம் வகுப்பு. பிளஸ் டூ பக்கமே வர முடியவில்லை, அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன். மூன்றாவது வருஷம் பேங்க் வேலை கிடைத்துப் போய்விட்டாள். பிரிவு உபசாரத்தில் நான்தான் சால்வை போட்டேன்.

அதே வருஷம் ஒரு நாள் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். முந்தின நாள் போர்டில் போட்ட பகுதித் தொகையிடல் கணக்கில் ஒரு கழித்தல் குறியை விட்டிருக்கிறேன். விடை தப்பு. முதல் பெஞ்சுப் பெண் நோட்டில் சரியாக இருந்தது. அடுத்த நோட்டிலும் சரி. வகுப்பில் பாதிப் பேர் போர்டில் இருந்ததை எழுதாமல் சத்தம் போடாமல் சரியாக எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "ஏம்மா அப்பவே சொல்லல?" என்றேன். "உங்ககிட்ட எப்படி டீச்சர் சொல்றது..." என்று தலையைக் குனிந்துகொண்டாள். அது முதல் தடவையும் இல்லையாம். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. நாற்பது பிள்ளைகள் என் மேல் இருந்த மரியாதையால் என்னைத் தப்பாகவே நடத்த விட்டிருக்கிறார்கள். மறுவாரம் ராஜினாமா கொடுத்தேன். "முட்டிவலி" என்று காரணம் எழுதினேன். முட்டிவலியும் இருந்தது, பொய்யில்லை.

அதனால்தான் சொல்கிறேன், தோனிக்கு யார் சொல்வார்கள்? தன்னைக் கேப்டனாக்கியவரிடம் ருதுராஜ் சொல்வாரா? டிக்கெட் விற்கிறவர்கள் சொல்வார்களா? சக்கர நாற்காலியில் இருந்தாலும் இழுத்து வந்துவிடுவார்கள் என்று அவரே இந்த மார்ச்சில் வேடிக்கையாகச் சொன்னார். எல்லோரும் ரசித்தீர்கள். எனக்கு அந்தப் பெண்ணின் நோட்டு ஞாபகம் வந்தது.

சஞ்சு சாம்சன் 31 வயது, கீப்பர். 18 கோடிக்கு வருகிறார். வருகிற மார்ச்சில் சேப்பாக்கத்தில் கையுறை யார் கையில் இருக்கும்? தோனி கீப்பிங் செய்தால் சஞ்சு பவுண்டரியில் நிற்பார். சஞ்சு கீப்பிங் செய்தால் அந்த முட்டியோடு தோனி எங்கே ஃபீல்டிங் நிற்பார்? இதற்கு விடை தெரிந்தவர்கள் எழுதுங்கள், ஸ்டெப் போட்டு எழுதுங்கள், விடையை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது.

மேட்சுக்குப் போகிற பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தோனியைத் திட்ட வேண்டாம், அவருக்கு விசில் ஊதுவதையும் நிறுத்த வேண்டாம். ஐந்தாவதாக இறங்குகிற பையன், துபேயோ பிரெவிஸோ, அவுட் ஆனால் கைதட்டாதீர்கள். அவனும் உங்கள் அணிதான்.

திட்டுகிறவர்கள் இங்கேயே கமெண்ட்டில் திட்டுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம், அங்கே சம்பந்தி இருக்கிறார். பட்டாபிராம்காரனை யாராவது குழுவில் மறுபடி சேர்த்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில்தான் சாப்பாடு.